கராஜில் கிடக்கும் ஸ்டுடியோ நெகட்டிவ்கள்: யாரிடம் கொடுப்பது?

நார்த்டேல் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேலிலிருந்து எழுதுகிறேன். என் மாமனார் சர்ச் ஸ்ட்ரீட்டை ஒட்டிய சந்து ஒன்றில் சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் திறந்த கடை, எண்பதுகளின் கடைசியில் மூடினார். கேமராவை ஒருவர் வாங்கிக்கொண்டார். தோட்டமும் படிக்கட்டும் வரைந்த பின்திரையைத் தெருக்கூத்து ஆடுகிறவர்கள் கேட்டு எடுத்துப் போனார்கள். நெகட்டிவ்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. பிஸ்கட் டின்களிலும் கோடாக்கின் மஞ்சள் அட்டைப் பெட்டிகளிலுமாக, கராஜின் தகரக் கூரைக்குக் கீழே அப்படியே கிடக்கின்றன. மாமனார் காலமாகிவிட்டார்.

சென்ற மாதம் என் மகன் சிலவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கல்யாணங்கள், புனித வெள்ளியன்று லாங்மார்க்கெட் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் தீமிதி, ஷூ தொழிற்சாலைப் பெண்கள் ஐந்து பேர் ஒரே மாதிரி சட்டையில், கால்பந்துக் குழு, மணிமாலைகளோடு ஒரு ஜூலு அம்மா, பெட்டியில் படுத்திருக்கும் யாரோ ஒரு தாத்தாவைச் சுற்றிக் குடும்பமே நிற்கும் படம். பாஸ்போர்ட் அளவு முகங்கள் எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன. கூடவே மூன்று நீள நோட்டுப் புத்தகங்கள். எண், பெயர், வாங்கிய முன்பணம், பாக்கி, இவ்வளவுதான் அவற்றில். எழுதியவர் என் மாமியார். கல்லாவில் உட்கார்ந்தவர் அவர்தான். இப்போது எண்பத்து நான்கு வயது. காது மந்தம், நினைவு கூர்மை.

என் கேள்விகள் இவை. சில டின்களைத் திறந்தால் வினிகர் நெடி முகத்தில் அடிக்கிறது. அவற்றைத் தூக்கி எறிவதா? மகன் எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் போட்டால் ஊரே வந்து அடையாளம் சொல்லும் என்கிறான். சரியா? வெளிநாட்டிலிருந்து ஒருவர், எப்படிக் கேள்விப்பட்டாரோ தெரியவில்லை, மொத்தமாக விலைக்குக் கேட்கிறார். தொகை சின்னதில்லை, கராஜ் கூரையை மாற்றிவிடலாம். என் கணவர் பேசாமல் இருக்கிறார். அவர் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

ஃபீனிக்ஸ் தம்பி எழுதியது:

அக்கா, கொடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் இவை எலிக்கும் ஈரத்துக்கும்தான் தீனி. காசு கொடுத்து வாங்குகிறவன் குளிர்சாதன அறையில் வைப்பான். நம்மவர்கள் யாரும் இதையெல்லாம் தேடி வந்து பார்க்கப்போவதில்லை. கசப்பாக இருந்தாலும் உண்மை அதுதான்.

இருட்டறைக் கிழவர், சாட்ஸ்வொர்த், எழுதியது:

அம்மா, எதையும் எறியாதீர்கள், எதையும் துடைக்காதீர்கள். இந்த இரண்டையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

நான் சிறுவனாக டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில் ஒரு ஸ்டுடியோவில் ரீடச்சிங் பழகினேன். பிறகு வேலைக்காலம் முழுவதும் இருட்டறைதான். அதனால்தான் துடைக்காதே என்கிறேன். நெகட்டிவின் மங்கலான பக்கத்தை, பளபளக்காத பக்கத்தை, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் மெல்லிய பென்சில் கீறல்கள் தெரியும். அது அழுக்கில்லை, எங்கள் வேலை. நெகட்டிவில் பென்சிலால் அடர்த்தி ஏற்றினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். அம்மைத் தழும்பு மறையும், நெற்றிக் கோடு போகும், முகம் ஒரு படி சிவப்பாகும். கல்யாணத்துக்குப் பார்க்க அனுப்பும் பெண்ணின் படமென்றால் தாய்மார்கள் கல்லாவிலேயே சொல்லிவிட்டுப் போவார்கள்: "கொஞ்சம் நிறமாக வரட்டும்." வெள்ளைக்காரன் சட்டத்தில் நிறம் பார்த்தான், நாங்கள் பென்சிலால் அவனுக்கு ஒத்தாசை செய்தோம் என்று இப்போது தோன்றுகிறது. போகட்டும். ஈரத்துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் அந்தச் சரித்திரம் முழுக்கத் துணியோடு வந்துவிடும்.

வினிகர் நெடிக்கு வருகிறேன். அந்தக் காலத்து ஃபிலிமின் அடிப்பகுதி அசிட்டேட். சூடும் ஈரமும் பட்டால் அது அசெட்டிக் அமிலத்தை விடத் தொடங்கும். வந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும், அதனால் தொடங்கிவிட்டால் வேகம் கூடிக்கொண்டே போகும். மாரிட்ஸ்பர்க் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிற ஊர், கோடையில் அங்கே காற்று அசையாது. அதற்கு மேல் தகரக் கூரை. கெடாமல் இருப்பவை இருப்பதே அதிசயம். நெடியடிக்கும் டின்களை இன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள். ஒன்றின் ஆவி பக்கத்து டின்னைக் கெடுக்கும். கெட்டுப்போனது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓரம் சுருண்டு அலையலையாக நெளிந்திருந்தாலும் படம் பல சமயம் உள்ளே இருக்கும். முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியவை அவைதான், அவற்றுக்குத்தான் நாள் குறைவு.

ரப்பர் பேண்ட் எங்கே கண்டாலும் கழற்றுங்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பழைய கண்ணாடித்தாள் உறைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், அப்படியே விடுங்கள். மற்றவற்றை அமிலம் இல்லாத காகித உறைக்கு மாற்றலாம். பிவிசி பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். உறையை மாற்றும்போது பழைய உறையில் எழுதியதை எழுத்துக்கு எழுத்து புதியதில் எழுதுங்கள், பிழை இருந்தால் பிழையோடு. வீட்டுக்குள் மிகக் குளிர்ந்த, வெயில் படாத அலமாரி ஒன்று போதும். சமையலறையும் குளியலறையும் ஆகாது.

ஸ்கேனருக்காக மகனை முடக்காதீர்கள். நெகட்டிவ் ஸ்கேன் செய்யும் விளக்கு மூடியிலேயே உள்ள பிளாட்பெட் ஸ்கேனர் பழையதாகவே கிடைக்கும். இல்லையென்றால் வெள்ளைத்திரை போட்ட டேப்லெட்டுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நெகட்டிவை நிறுத்தி, நல்ல கேமராவால் நேர்மேலிருந்து எடுக்கலாம். இடைவெளி விடாவிட்டால் திரையின் புள்ளிகள் முகத்தில் விழும். ஓரங்களை வெட்ட வேண்டாம். ஓரத்தில் ஊசியால் கீறிய எண் இருக்கும். உங்கள் மாமியாரின் நோட்டில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றுதான்.

இங்கேதான் நான் சொல்ல நினைத்தது. வெளிநாட்டுக்காரர் நெகட்டிவ்களுக்கு விலை சொன்னாரே, நோட்டுப் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டாரா?

உங்கள் ஊரில் கிட்டியின் ஸ்டுடியோ இருந்தது. கிட்டி என்று ஊரே கூப்பிட்ட சிங்காரம் ஜீவரத்தினம் மூட்லி, 1922இல் பிறந்தவர், 1987இல் மறைந்தவர். 1957 முதல் 1984 வரை கடை நடத்தினார். இந்தியர், ஜூலுக்கள், கலர்டு எனப்பட்ட கலப்பினத்தவர் என்று அரசாங்கம் பிரித்து வைத்த எல்லோரும் அங்கே வந்து ஒரே பின்திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மணிமாலையும் தோலும் அணிந்து ஒரு படம், கோட்டும் கூலிங்கிளாஸும் போட்டு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டார்கள். எப்படித் தெரிய வேண்டும் என்பதை அந்த அறைக்குள் மட்டும் அவர்களே முடிவு செய்தார்கள். அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவன் டூபினின் கைக்குப் போயின. நியூயார்க்கில் வால்தர் கலெக்‌ஷன் அரங்கில் சுவரில் தொங்கின. அவர் எடுத்துக் காப்பாற்றியிருக்காவிட்டால் கிட்டியின் பெயரே நமக்கு மறந்திருக்கும். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படங்களில் பலவற்றில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. மாரிட்ஸ்பர்க்கில் அந்த முகத்தைப் பார்த்தவுடன் "இது எங்கள் பெரியம்மா" என்று சொல்லக்கூடியவர்கள் நியூயார்க் அரங்குக்குள் நுழையப்போவதில்லையே.

உங்கள் வீட்டில் நோட்டு இருக்கிறது. நோட்டை எழுதியவரும் இருக்கிறார். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும் காலம் இது. அதனால் ஸ்கேனருக்கும் முன்னால், ஃபேஸ்புக்குக்கும் முன்னால், விலைக்கும் முன்னால், மாமியாரை நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். பெயர்களை அவர் வாசிக்கட்டும். மகன் போனில் குரலைப் பதிவு செய்யட்டும். யார் என்று மட்டும் கேட்காதீர்கள். எதற்காக எடுத்தார்கள், பாக்கியைக் கொடுத்தார்களா, யாரோடு வந்தார்கள், கடையில் வைத்திருந்த கோட்டை இரவல் வாங்கிப் போட்டார்களா என்றெல்லாம் கேளுங்கள். கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்குக் கடன்காரன் முகம் மறப்பதே இல்லை.

பாஸ்போர்ட் அளவு முகங்களைக் குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1952ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பதினாறு வயதான கறுப்பின ஆண் ஒவ்வொருவரும் படம் ஒட்டிய பாஸ் புத்தகத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் தெருவில் நின்றால் சிறை. பெண்களுக்கும் அது வரப்போகிறது என்றுதான் 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் இருபதாயிரம் பெண்கள் பிரிட்டோரியாவுக்குத் திரண்டு போனார்கள். 1986 வரை அந்தப் புத்தகம் இருந்தது. நம்மவர்களின் பல ஸ்டுடியோக்களுக்கு அன்றாட அடுப்பை எரித்தது கல்யாணப் படமில்லை, இந்தப் பாஸ் படம்தான். அதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனாலேயே எல்லோரும் கல்யாணப் படங்களை மட்டும் ஸ்கேன் செய்கிறார்கள். அந்த முகங்களுக்கும் நோட்டில் பெயர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதியிருந்தால் உங்கள் மாமியாரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். பல கடைகளில் அவர்களுக்கு வெறும் எண்தான்.

ஃபீனிக்ஸ் தம்பிக்கு: யாரும் தேடி வர மாட்டார்கள் என்கிறீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஆல்பம் நனைந்து போனவர்கள் என் கதவைத் தட்டி, பழைய ஸ்டுடியோக்காரர் யாரிடமாவது நெகட்டிவ் இருக்குமா என்று கேட்டார்கள். தேவை வரும்போது தேடுகிறார்கள். கொடுப்பதற்குத்தான் எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

வெஸ்ட்வில் வழக்கறிஞர் எழுதியது:

யாருக்குச் சொந்தம் என்று பலரும் கேட்பதால் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெகட்டிவ் என்ற பொருள் உங்கள் குடும்பத்துடையது. படத்தின் காப்புரிமை வேறு விஷயம். நம் நாட்டின் 1978ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்துத் தன் படத்தை எடுக்கச் சொன்னால் காப்புரிமை அவருக்கே; போட்டோகிராபருக்கு இல்லை. ஸ்டுடியோக்காரர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மாமனார் தன் விருப்பத்துக்குத் தெருவில், கோயிலில் எடுத்தவை மட்டும் அவருடையவை.

காலவரம்பும் உண்டு. பொதுவெளிக்கு வராமலே இருந்த படமென்றால், எடுத்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள். 1965இல் எடுத்து டின்னிலேயே கிடந்த படத்தின் காப்புரிமை 2015 முடிவோடு தீர்ந்தது. 1985இல் எடுத்தது 2035 வரை நிற்கும். ஆகவே பிந்திய ஆண்டுகளின் படங்களை விற்கும் உரிமையோ அச்சிடும் உரிமையோ உங்களிடம் இருப்பதாக எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களைக் காப்பது. தீமிதியில் பிள்ளையைத் தோளில் தூக்கி நிற்பவர் இன்று இல்லாமல் இருக்கலாம்; அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபது வயது இருக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், 1999ஆம் ஆண்டுத் தேசிய மரபுச் சட்டம் புகைப்பட நெகட்டிவ்களையும் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அனுமதி வேண்டுமா என்று தென்னாப்பிரிக்க மரபு வள முகமையிடம் எழுத்தில் கேட்ட பிறகே எதையும் அனுப்புங்கள். பதில் வர நாளாகும். வாங்குகிறவர் உண்மையானவரானால் காத்திருப்பார்.

டோங்காட் செல்லம் எழுதியது:

ஃபேஸ்புக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சின்னம்மா கல்யாணத்துக்கு முன் ஒருவரோடு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டாள். யாரோடு என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு பெஞ்சில் உட்காரவே சட்டம் இடம் தராது. அவ்வளவு புரிந்தால் போதும். ஸ்டுடியோக்காரர் கதவைச் சாத்திவிட்டு எடுத்துக் கொடுத்தாராம். நோட்டிலும் வேறு பெயர் எழுதினாராம். சின்னம்மா இன்னும் இருக்கிறாள், சித்தப்பாவும் இருக்கிறார். ஒரு நாள் காலையில் ஊர் முழுக்கப் பார்க்கும் பக்கத்தில் அந்தப் படம் வந்து, கீழே யாரோ ஒரு பையன் "இது இன்னாருடைய பாட்டி அல்லவா" என்று எழுதினால்?

பெட்டியில் படுத்திருக்கும் தாத்தா படமும் அப்படித்தான். அன்றைக்குப் பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். வீட்டுக்காரர்கள் அதைப் பீரோவில் துணிக்கடியில் வைத்திருப்பார்கள், சுவரில் மாட்ட மாட்டார்கள். முதலில் அந்த வீட்டுக்குப் போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று, தனிக் கேள்வியாக. ஷூ தொழிற்சாலைப் பெண்கள் ஐந்து பேர் என்றீர்களே, அதில் இடது ஓரத்தில் உயரமாக, தலையில் ஸ்கார்ஃப் கட்டிய பெண் இருக்கிறாளா? என் அம்மா கல்யாணத்துக்கு முன் மாரிட்ஸ்பர்க்கில் ஷூ வேலைக்குப் போனாள். அப்போது எடுத்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

நார்த்டேல் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி டின்களைப் பிரித்து, நெடியடிப்பவற்றைத் தனி அறைக்கு மாற்றிவிட்டோம். மகனுக்கு அறை இப்போதைக்கு இல்லை. அவன் கோபம் இரண்டு நாளில் தீர்ந்தது, ஏனென்றால் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்வது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. நாங்கள் ஏதோ பெயர் மட்டும் சொல்வார் என்று நினைத்தோம். அவர் ஒவ்வொருவருடைய பாக்கியையும் சொல்கிறார். "இவன் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் தர வேண்டும், தரவே இல்லை, ஆனால் இவன் மகள் டாக்டரானாள்" என்கிறார். 1961இல் ராண்ட் வந்த பிறகும் கொஞ்ச நாள் ஷில்லிங்கிலேயே எழுதியிருக்கிறார், பழக்கதோஷம்.

பாஸ் படங்களைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. முதல் நோட்டில் எண் மட்டும்தான். இரண்டாவது நோட்டின் நடுவிலிருந்து பெயரும் வருகிறது. ஏன் என்று கேட்டேன். படத்தை வாங்க வந்த ஒருவரிடம் வேறொருவரின் படத்தைக் கொடுத்துவிட்டார்களாம். அவர் அதைக் கவனிக்காமல் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், அங்கே பெரிய தொல்லையில் மாட்டிக்கொண்டாராம். அதன் பிறகு மாமனார் எல்லோருக்கும் பெயர் எழுதச் சொன்னாராம். ஜூலுப் பெயர்களைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறார் மாமியார். அவருக்கு ஆங்கில எழுத்து பிற்பாடுதான் வந்தது. அந்தப் பக்கங்களை இன்று அந்தக் குடும்பத்தார் யாருமே வாசிக்க முடியாது. நாங்கள்தான் பெயர்த்து எழுத வேண்டும்.

டோங்காட் அக்கா, இடது ஓரத்தில் ஸ்கார்ஃப் கட்டியவர் யாரும் இல்லை. ஆனால் நோட்டில் அந்தக் குழுவினர் இன்னும் இரண்டு முறை வந்ததாக இருக்கிறது. அந்த எண்கள் நெடியடிக்கும் டின்னில் இருக்கின்றன. அந்த டின்னைத்தான் முதலில் எடுக்கப்போகிறோம். அம்மாவின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

வெளிநாட்டுக்காரருக்கு, நோட்டுகளும் வேண்டுமா என்று கேட்டு எழுதினேன். "தேவையில்லை, படங்கள் போதும்" என்று பதில் வந்தது. என் கணவர் அதைப் படித்துவிட்டு வாயைத் திறந்தார்: "கூரையை நானே மாற்றிக்கொள்கிறேன்."

ஐயா, கடைசியாக ஒரு கேள்வி. எல்லாம் முடிந்த பிறகு அசலை எங்கே வைப்பது?

இருட்டறைக் கிழவர், சாட்ஸ்வொர்த், எழுதியது:

உங்கள் ஊரிலேயே மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் ஆலன் பேட்டன் மையம் இருக்கிறது. டர்பன் பக்கம் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி–லுத்துலி ஆவண மையம், நம் மக்களின் காகிதங்களையும் படங்களையும் சேர்ப்பதற்கென்றே உள்ள இடம். மூன்று இடத்துக்கும் நேரில் போங்கள். குளிர் அறை இருக்கிறதா, மின்வெட்டு வந்தால் அது என்ன ஆகும், நோட்டையும் நெகட்டிவையும் பிரிக்காமல் ஒரே எண்ணில் வைப்பார்களா, ஒரு குடும்பம் வந்து தன் படத்தின் பிரதியைக் கேட்டால் காசில்லாமல் கொடுப்பார்களா என்று கேளுங்கள். யாருடைய பதில் பிடிக்கிறதோ அவர்களிடம் கொடுங்கள், கையெழுத்தான காகிதத்தோடு. ஸ்கேன்களின் பிரதி ஒன்று உங்களிடமும், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும் இருக்கட்டும். வெள்ளத்தையும் பார்த்தோம், 2021 ஜூலைக் கலவரத் தீயையும் பார்த்தோம்.

தமிழில் எழுதிய அந்த ஜூலுப் பெயர்களைத் திருத்தி எழுதாதீர்கள். மாமியார் எழுதியது ஒரு பத்தி, அவர் வாயால் உச்சரித்த பதிவு ஒன்று, ஜூலு தெரிந்த ஒருவர் கேட்டு எழுதும் சரியான எழுத்து இன்னொரு பத்தி என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதற்கு ஆள் தேவையென்றால், எங்கள் தெருமுனைப் பள்ளியில் ஜூலு ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய தாத்தாவும் மாரிட்ஸ்பர்க்கில்தான் வேலை பார்த்தார். நேற்றே சொல்லி வைத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் வர முடியும் என்கிறார், பஸ் கட்டணம் மட்டும் கொடுத்தால் போதும்.